டீச்சர் ஊதிய பெட்டி

"ஒண்ணு அந்தப் பெட்டி இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எதுன்னு இப்பவே சொல்லுங்க."

சொன்னது இரண்டாம் மாடி விசில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளையை இந்தக் கோடியிலிருந்தே பிடித்து நிறுத்துகிற குரல் அது. வீட்டுச் சுவர் எம்மாத்திரம்? கீழ்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். எதிர்வீட்டில் குழாயை மூடிவிட்டார்கள். நமக்கெதற்கு அடுத்தவர் வம்பு என்று இருக்கிற கட்டடம் இல்லை இது.

"மெதுவாப் பேசு டீச்சர்" என்றார் கணவர்.

"எதுக்கு மெதுவா? சாப்பாட்டு மேஜையில பாதிய அது பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. நாளைக்கு மாப்பிள்ளையோட அம்மா அப்பா சாப்பிட வர்றாங்க. அவங்கள எங்க உக்கார வைக்கிறது, அது தலையிலயா?"

"அக்கா, கல்யாணம் எனக்கு. கோபப்படறதுக்காவது எனக்கு ஒரு சான்ஸ் கொடு" என்றாள் தங்கை, சமையலறை வாசலில் நின்று கேரட்டைக் கடித்தபடி.

கணவர், கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிறவர். பழைய கிடார் ஆம்ப்ளிஃபயர் எங்கே கிடைத்தாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். கிடார் வாசிப்பார் என்று சொல்ல முடியாது; இவர் தொடுவார், அது முனகும். அதனால் கட்டடத்தில் அவருக்குச் சுருதி என்று பெயர். அவருக்கும் அது தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மனைவி சொன்ன எதையும் சுருதி காதில் வாங்கவில்லை. முந்தின நாள் வந்து இறங்கிய அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்த பழைய பெட்டியை ஒரு முழு நாள் அணைக்காமல் ஓடவிட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி. பழுப்பேறிய துணி இழுத்துக் கட்டிய முகப்பும், பின்பலகை இடுக்கில் அடுப்புத் தணல்போல் சிவந்து தெரிந்த கண்ணாடிக் குடுவை வால்வுகளும், சூடேறிய மெழுகோடு பழந்தூசி கலந்து, ஈரத் துணியை இஸ்திரி போடும்போது வருவது மாதிரி எழுந்த வாசனையுமாக அது ஓடிக்கொண்டிருந்தது. கிடார் எதையும் அதில் செருகவில்லை. ஆனாலும் ஸ்பீக்கரிலிருந்து ஓர் இரைச்சல். அதிலும் புதுமை இல்லை. கிழப் பெட்டிகள் எல்லாமே இரையும். புதுமை என்னவென்றால், இந்த இரைச்சல் ஏறி இறங்கியது.

'தலையிலயா' என்று கேட்டுவிட்டு டீச்சர் மூச்சு வாங்க நின்றார். இரைச்சலும் நின்றது. டீச்சர் மூச்சை இழுத்தார். இரைச்சலும் ஏறியது. என்ன பொருத்தம் என்று சுருதிக்குச் சிரிப்புக்கூட வந்தது. இன்னும் கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்டபோது சிரிப்பு போய்விட்டது. பெட்டி டீச்சரைப் பின்பற்றவில்லை. பெட்டிதான் முதலில் இழுத்தது. டீச்சர் அதற்குப் பிறகு.

"என்ன பாக்கறீங்க? நான் பேசறது காதுல விழுதா, இல்லையா?"

"சரி, அணைச்சிடறேன். போதுமா?"

ஸ்விட்சைத் தட்டினார். டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயோடு, நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தார்.

தங்கை கேரட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். கன்னத்தைத் தட்டினார்கள். மார்பு அசையவில்லை. உதட்டின் நிறம் மாறத் தொடங்கியது. "வெளிச்சம் போடுங்க அத்தான்" என்று அவள் கத்த, சுருதி சுவரோரம் இருந்த பலகையின் ஸ்விட்சுகளை எல்லாம் கைக்கு வந்தபடி தட்டினார். விளக்கு வந்தது. மின்விசிறி வந்தது. மேஜைப்பக்கம் கையை ஊன்றியவர் பெட்டியின் ஸ்விட்சையும் தட்டியிருக்க வேண்டும். வால்வு உடனே வேலை செய்யாது, சூடாக வேண்டும். பின்பலகை இடுக்கில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மங்கல் சிவப்பு. பிறகு ஆரஞ்சு. பிறகு துணிக்குப் பின்னால் அந்த இரைச்சல், தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி வந்து, ஏறியது.

டீச்சர் மூச்சை இழுத்தார்.

கண்ணைத் திறந்து, "ஏன் என் முகமெல்லாம் ஈரம்?" என்று கேட்டார்.

கீழ்வீட்டுக்கு வந்துபோகிற டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கத்தாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டடமே அதை ஆமோதித்தது. சுருதி மட்டும் ஆமோதிக்கவில்லை. அன்று டீச்சர் அசந்து தூங்கும்போது, பெட்டியின் சத்தக் குமிழை ஒரு மயிரிழை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார். போர்வைக்கடியில் மார்பின் ஏற்றம் ஒரு மயிரிழை குறைந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். டீச்சரின் விரல்கள் போர்வையைப் பற்றின. விட்ட இடத்துக்கே குமிழைக் கொண்டுவந்து, அதன்மேலிருந்து கையை எடுக்கத் தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் முந்தின நாள் நடந்ததெல்லாம் அவருக்கு வேறு முகத்தோடு திரும்பி வந்தது.

பெட்டியை விற்றவர் ஒரு பெரியவர். தெருக்கோடி வீடு, மத்தியான வெயில், சாத்தியிருந்த ஓர் உள்ளறைக் கதவு. அதற்குப் பக்கத்தில் முக்காலிமேல் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று சுருதி கேட்டார். பெயர்ப்பட்டை இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டுமே இருந்தன.

"தெரியாது தம்பி. என்கிட்ட வந்தப்பவே பேர் இல்ல."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"அவரும் இதையேதான் சொன்னாரு."

பேசி முடித்ததும் பெரியவர் ஒரு பழைய வால்வைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். "இது அவளோடது. கழட்டின பிறகும் தூக்கிப் போட மனசு வரல. வச்சுக்குங்க, தேவைப்படும்." பிறகு பெட்டியைக் காட்டினார். "நீங்களே அணைச்சிடுங்க தம்பி. எனக்குக் கை வரல."

சாமான்மேல் இவ்வளவு பாசமா என்று சுருதிக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. அணைத்தார். தணல் மங்கியது. சாத்தியிருந்த அறைக்குள் ஏதோ சின்னதாக, ஸ்பூன் மாதிரி, தரையில் விழுந்து உருண்டது. பெரியவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பெட்டியை ஓடவிட்டதும் டீச்சர் ஈரத்துணியோடு வந்தார். முகப்புத் துணிமேல் அவ்வளவு தூசி. சுருதி பதறித் தடுத்தார். லென்ஸ் வேலையில் தூசியைத் துடைப்பது பாவம். துடைத்தால் கீறும், ஊதித்தான் எடுக்க வேண்டும். "துடைக்காத டீச்சர். ஊது." விசில் ஊதியே வளர்ந்த மார்பு, டீச்சர் கன்னத்தை உப்பி, வாயைத் துணியருகில் வைத்து, முழு மூச்சையும் ஊதினார். தூசி பறந்தது. பெட்டிக்குள் ஒரு சத்தம். மிடறு விழுங்குகிற மாதிரி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இப்போது குமிழ்மேல் கையை வைத்துக்கொண்டு, யார் ஊதச் சொன்னது, யார் ஊதச் சொன்னது என்று திரும்பத் திரும்பத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது பெட்டி மேஜையிலேயே இருந்தது, பூப்போட்ட விரிப்பால் போர்த்தி. டீச்சர் சிரித்துச் சிரித்துப் பரிமாறினார். ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்னால் விரிப்பு ஒரு துளி உப்பியது. "உள்ள கோழி கீழி வச்சிருக்கீங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். நகைச்சுவை என்று எல்லோரும் சிரித்தார்கள். விரிப்பு உப்பியது.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று சுருதி யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. ஒரு காலையில் கட்டடத்தில் மின்சாரம் நின்றது. அதே நேரம் பள்ளி மைதானத்தில், விசிலை வாயில் வைத்தபடி, டீச்சர் குப்புற விழுந்தார். மின்சாரம் சீக்கிரம் வந்துவிட்டது. பிள்ளைகள் சுற்றி நிற்க எழுந்து உட்கார்ந்தவர், வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, நேராக வீட்டுக்கு வந்து, பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அமர்ந்தார். கணவர் கடையை விட்டு ஓடிவந்தபோது பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நான் மூச்சை அடக்கிப் பாத்தேன். அடக்க முடியல. அது இழுக்கும்போது நானும் இழுக்கறேன். இது என்ன?"

சுருதி சொன்னார். எல்லாவற்றையும். டீச்சர் கத்தவே இல்லை. கட்டடத்தில் எங்களுக்கெல்லாம் அதுதான் முதல் அதிர்ச்சி. அந்த வீட்டிலிருந்து சத்தமே வராமல் போனது.

இன்வெர்ட்டர் வந்தது. அதற்கு மேல் இன்னொரு பேட்டரி வந்தது. ஆனால் சுருதியின் பயம் மின்சாரம் இல்லை. வால்வுகள். கண்ணாடிக் குடுவைக்குள் எரிகிற எதுவும் ஒருநாள் தீர்ந்துபோகும். இந்தப் பெட்டியில் இரண்டு பெரிய வால்வுகள், வலது ஒன்று, இடது ஒன்று. அவர் சேர்த்துவைத்திருந்த மற்றப் பெட்டிகளின் வால்வு எதுவும் இந்தக் குழிகளில் பொருந்தவில்லை. வால்வின் அடியிலிருந்த ஊசிக் கால்களின் அமைப்பே வேறு. எந்தக் கடையிலும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார்கள். பெட்டியைச் செய்தது யார் என்று தெரிந்தால்தான் அந்த வால்வு எங்கே கிடைக்கும் என்று தெரியும். பொழுதுபோக்காகத் தொடங்கியது, இப்போது மனைவியின் உயிர்.

பெட்டி ஓடும்போதே பின்பலகையைக் கழற்றினார். அனல் முகத்தில் அடித்தது. கண்ணாடிக் கடைப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, தொட்டால் தூக்கியெறியும் கம்பிகளுக்கு நடுவே அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மரில் முத்திரை இல்லை. ஸ்பீக்கர் விளிம்பில் எண் இல்லை. இந்த மாதிரி விஷயங்களில் கில்லாடியான ஒரு நண்பரைப் போனில் கூப்பிட்டார். பியானோ பழுது பார்க்கிறவர்.

"அணைச்சிட்டு, உள்ள இருக்கிற தகட்டைக் கழட்டி அடியில பாருங்களேன்" என்றார் நண்பர்.

"அணைக்க முடியாது."

"ஸ்விட்ச் போயிடுச்சா?"

"இல்ல. ஸ்விட்ச் நல்லா வேலை செய்யுது."

"கிடார் செருகற ஓட்டையிலிருந்து கம்பி எங்க போகுதுன்னு பாருங்க. அத வச்சு செஞ்ச ஆள் யாருன்னு சொல்லலாம்."

சுருதி பார்த்தார். ஓட்டையிலிருந்து போன கம்பி புதிது. யாரோ பிற்பாடு துளைபோட்டுச் சேர்த்தது. அதற்கு அடியில் பழைய கம்பி ஒன்று, துணி சுற்றியது, முகப்புப் பக்கமாக ஓடி, துணிக்குப் பின்னாலிருந்த பலகைக்குள் நுழைந்தது. அங்கே ஒலிவாங்கி இல்லை. எதுவும் இல்லை. மரத்துக்குள் போய் முடிந்தது. வேர் மாதிரி. பலகையின் அந்த இடத்தில் மரம் வெளுத்து, வட்டம் வட்டமாகக் கறை. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு வாயளவு. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது இன்னும் ஈரமாக இருந்தது.

இதைக் கிடாருக்காக யாரும் செய்யவில்லை.

"என்ன பாத்தீங்க?" என்றார் நண்பர்.

"ஒண்ணுமில்ல" என்று போனை வைத்துவிட்டார்.

பெரியவரையே பிடித்து உலுக்குவது என்று கிளம்பினார். தெருக்கோடி வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள், கேட்காமலேயே பேசினார். எல்லாத் தெருவுக்கும் இப்படி ஒருவர் உண்டு.

"பெட்டி வாங்கிட்டுப் போனவர்தானே? நீங்க போன மத்தியானமே அவர் சம்சாரம் போயிட்டாங்க. சூப்பு குடிச்சிட்டிருந்தவங்க. கையில ஸ்பூனோட."

சுருதியின் விரல் நுனியில் அந்த ஸ்விட்ச் இருந்தது. இன்னும் இருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அவரு?"

"மகன் வீட்டுக்குப் போயிட்டாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. அன்னைக்குத் தூங்கினாரு பாருங்க, குறட்டை எங்க வீடு வரைக்கும். பாவம், அவரையும் குத்தம் சொல்ல முடியாது. அந்தம்மா கடைசியில ஒரு மாதிரி ஆயிட்டாங்க. இடது கை அவங்க பேச்சைக் கேக்காது. வலது கை போடற பட்டனை இடது கை அவுக்கும். அந்தக் கையப் பாத்தா, வேற யாரோ வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்." ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "மகன் விலாசம் வேணுமா? யார் கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னுட்டுப் போயிருக்காரு."

திரும்பி வரும் வழியெல்லாம் பஞ்சில் சுற்றிய வால்வுதான் நினைவில். 'இது அவளோடது.'

அதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்தார். அலமாரியின் மேல்தட்டில், பழைய செருப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் வால்வின் படத்தை அனுப்பினார். எங்கெங்கிருந்தோ பதில் வந்தது. எல்லாப் பதிலும் ஒன்றுதான்: இப்படி ஒன்று கிடையாது.

பொழுது சாய்கிற நேரம் அது. தங்கை கல்யாணச் சாமான் வாங்க வெளியே போயிருந்தாள். டீச்சர் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முதலில் வாசனை. முடி கருகுகிற மாதிரி. சுருதி பின்பக்கம் குனிந்தார். இடது வால்வுக்குள் இருந்த சாம்பல் நிறத் தகடு, ஓர் ஓரத்தில் சிவந்திருந்தது. எரிய வேண்டிய இடம் இல்லை அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு பரவியது. இரைச்சலில் ஒரு கரகரப்பு.

டீச்சர் இருமினார்.

அப்படியே விட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உருகும். அது உருகினால் இரண்டு வால்வும் போகும். முழுதும் போகும். சுருதிக்கு அது தெரியும்.

"என்னங்க. என்ன கருகுது?"

"ஒண்ணுமில்ல டீச்சர். நீ பேசாத."

"என்னமோ பண்ணுது. நெஞ்சுல."

அடுப்பங்கரைக் கரித்துணியைக் கையில் சுற்றிக்கொண்டார். வலது வால்வு மட்டும் கொஞ்ச நேரம் தாங்கும். தாங்க வேண்டும். சிவந்த குடுவையைப் பிடித்தார். துணி பொசுங்கியது. அசைத்தார். இழுத்தார்.

கத்தி தரையில் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் விழவில்லை. உட்கார்ந்திருந்தார். வலது கண் அவரையே பார்த்தது. இடது கண் மூடவில்லை, அணைந்திருந்தது. வாயின் இடது ஓரம் மெழுகு மாதிரி வழிந்து இறங்கியிருந்தது. இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. நகங்களில் நீலம். ஏறிக்கொண்டிருந்தது. விரலுக்கு. மணிக்கட்டுக்கு.

வலது பாதி உதடு அசைந்தது. "போடுங்க."

"வேண்டாம் டீச்சர். அது வேற யாரோ..."

"போடுங்க."

நீலம் முழங்கையைத் தாண்டியது.

அலமாரி. செருப்புப் பெட்டி. பஞ்சு. வால்வின் கால்கள் குழியில் உட்காரவில்லை. திருப்பினார். உட்கார்ந்தது. குடுவை குளிர்ந்து கிடந்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு அடியில் ஒரு புள்ளி. சிவப்பு. ஆரஞ்சு.

இரைச்சல் ஏறியது. ஒன்று. அதன் பின்னாலேயே, அரை மூச்சுப் பிந்தி, இன்னொன்று.

நீலம் இறங்கியது. இடது கை மெல்ல மேலே வந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தது. மேஜையைத் தடவியது. வெள்ளரித் துண்டு ஒன்றை எடுத்து, முகர்ந்து, திருப்பி வைத்தது. டீச்சரின் வலது கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. இடது கண் உலர்ந்திருந்தது. அது வீட்டைச் சுற்றிப் பார்த்தது. ஜன்னலை. அலமாரியை. கடைசியாகச் சுருதியை. அவரைத் தெரியும் அதற்கு. ஒரே ஒருமுறை, சாத்திய கதவுக்கு அந்தப்பக்கம், குரலாகக் கேட்டிருக்கிறது.

பிறகு அந்தக் கை மேஜைமேல் ஊர்ந்து ஸ்விட்சை நோக்கிப் போயிற்று. வலது கை பாய்ந்து அதைப் பிடித்தது.

அதற்குப் பிறகு சுருதி தூங்கவில்லை. டீச்சர் கண்ணயர்ந்தால் இடது கை மட்டும் விழித்திருந்தது. கட்டிப்போட்டார்கள். முடிச்சை அவிழ்த்தது. "அதுக்குப் போகணுமாங்க" என்றார் டீச்சர் ஒருநாள், பாதி வாயால். "எனக்கு இருக்கணும். என்னங்க பண்றது?" இதையெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து அவரே எங்களிடம் சொன்னார். சொல்லும்போதும் தம் வலது கை ஆட்காட்டி விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆச்சரியமாக, எங்களில் யாரும் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை.

தங்கையின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்விட்டாள். போனில் அக்காவோடு பேசுகிறாளாம், வீட்டுக்கு வருவதில்லை. சுவருக்கு இந்தப்பக்கம் அந்த இரட்டை மூச்சைக் கேட்டுத் தூங்க முடியாமல் எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்தார்கள். அப்புறம் ஒரு காலையில் சுருதியும் டீச்சரும்கூடக் கிளம்பினார்கள். எந்த ஊர் என்று கேட்டதற்கு, பெட்டியைச் செய்தவரின் சொந்தக்காரர் ஒருவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள் என்றார் சுருதி. யார் சொன்னது என்று தெரியவில்லை.

வேனின் பின்புறம் பேட்டரிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார், மடியில் பெட்டி, பின்பலகை இடுக்கில் தணல். வலது கையால் ஸ்விட்சைப் பொத்திப் பிடித்திருந்தார். சுருதி முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறியதுமே தலை சாய்ந்து தூங்கிப்போனார். எத்தனை நாள் தூக்கமோ. வேன் நகர்ந்தது. ஜன்னல்களில் நின்ற எங்களைப் பார்த்து இடது கை எழுந்து, ஒவ்வொரு ஜன்னலாக, நிதானமாக, மரியாதையாக அசைந்தது. முடித்துக்கொண்டு கீழே இறங்கியது. பெட்டிமேல் வந்தது. வலது கையின் சுண்டுவிரலைப் பிடித்து மெல்ல நிமிர்த்தியது. பிறகு மோதிர விரலை. டீச்சர் எங்களைப் பார்த்து வாயைத் திறந்தார், மைதானத்தையே நிறுத்துகிற அந்த வாயை. அது டீச்சர் மூச்சு இழுக்கிற முறை இல்லை; மற்றவளுடையது. சத்தம் வரவில்லை.

நடுவிரலை நிமிர்த்தும்போது வேன் தெருமுனையில் திரும்பியது.